முப்பத்து நான்கு மரங்களுக்கு அடியில்

சுமாயா முகாம்
19 ஜனவரி 2005

நெல்வா அக்கா,

முதலில் செய்தி, பிறகு திட்டு. என் வலது பாதம் உடைந்துவிட்டது. ஓடை மேலிருந்த மரப்பாலமும் போய்விட்டது. இரண்டும் ஒரே நாளில், போன வெள்ளிக்கிழமை.

பாதம் என் தப்பு. மழை விட்டாலும் காற்று அடங்கும்வரை கஸ்தான்யாக் கொட்டை மரத்தடிக்குப் போகக்கூடாது என்பது நம் ஊரில் நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். என்னோடு காய் பொறுக்க வந்த சோசிமோ சொல்லவும் செய்தான். "இஞ்சினியரே, மேல இருக்கிறது மொதல்ல எறங்கட்டும். அப்புறமா நாம போவோம்." நான், "இன்னும் பதினெட்டு மரம் பாக்கி கெடக்கு. நீ வேணா உக்காந்து வாழக்கா சுடு" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஐம்பது மீட்டர் உயரம், ஒன்றரைக் கிலோ காய், நேராகப் பாதத்தின் மேல். தோலும் கிழிந்தது. எந்த வேகத்தில் விழும் என்று கணக்குப் போட்டே சொல்ல முடியும். இப்போது அதனால் பிரயோசனம் இல்லை. சோசிமோ ஓடிவந்து முதலில் காயைத்தான் எடுத்துப் பார்த்தான். "காய் ஒடையல" என்றான். "ஒங்க தலைல விழுந்திருந்தா ஒடஞ்சிருக்கும்."

சிரிக்காதே. முன்னால் ஓடை, பின்னால் மூன்று பக்கமும் சதுப்பு. இதை வரைபடத்தில் வரைந்தால் தீவு என்றுதான் எழுதவேண்டும். சாக்கு கட்டி இழுக்கும் கம்பி மட்டும் மிச்சம். அதுவும் இந்தக் கரையில் அதைத் தாங்கும் மரம் சாய்ந்துவிட்டது. ஐந்து கிலோவுக்கு மேல் தாங்காது. இந்தக் கடிதத்தைப் பால்மாவு டப்பாவில் போட்டுக் கம்பியில் விடுகிறேன். ஊரிலிருந்து சாமான் கொண்டுவரும் மெலித்தோன் அந்தக் கரைக்கு வரும்போது எடுத்துக்கொள்வான். தண்ணீர் போடும் சத்தத்தில் கத்தினால் கேட்பதில்லை.

போன தடவை அவன் டப்பாவில் ஒரு துண்டுச்சீட்டும் வைத்திருந்தான். தோன் ஃபாஸ்டோ உன் வீட்டுக்கு மூன்று முறை வந்துபோனாராம். மாடு வளர்க்கிறவருக்கு உன் வீட்டில் என்ன வேலை? ஒளிக்காமல் எழுது.

மருந்து அனுப்பு. என்னை வெளியே கொண்டுபோக ஒரு மோட்டார் படகுக்கு ஏற்பாடு செய்.

எல்மேர்

*

வீடு
26 ஜனவரி

எல்மேர்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த சோற்றைக் கருகவிட்டேன். மாத்திரை பன்னிரண்டு, துணிக்கட்டு, கற்பூரத் தைலம், ஒரு பொட்டலம் மரவள்ளி மாவு எல்லாம் அனுப்புகிறேன். மாத்திரையை நாளுக்கு இரண்டு வீதம் போடு. வலிக்கிறது என்று நான்காகப் போட்டு மூன்று நாளில் தீர்த்துவிடாதே. உன் பொறுமை எனக்குத் தெரியும்.

படகைப் பற்றி. பெரிய ஆற்றிலிருந்து இந்த வெள்ளத்தை எதிர்த்து உங்கள் ஓடைக்குள் ஏறக்கூடிய மோட்டார் இங்கே ஒருவரிடம்தான் இருக்கிறது. அவர் பெயரை நீயே எழுதிவிட்டாய்.

நீ கேட்டதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். போன ஆகஸ்டில் அவர் ஆட்கள் வெட்டி எரித்துப் புல் போட்டார்களே, அதேபோல மிச்சக் காட்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். கஸ்தான்யா மரங்களை வெட்டமாட்டார். வெட்டினால் சட்டம் பிடிக்கும். சுற்றியிருப்பதை மட்டும்தான் எடுப்பார். காய் பொறுக்கும் உரிமை எப்போதும் போல நமக்கே. பதிலுக்கு மால்தொனாதோ டவுனில் மேல்நிலைப் பள்ளிக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் வீடு. என் மகள் யெசிக்காவுக்குப் பதினொரு வயது ஆகிறது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரு டீச்சரும் இரண்டு பெஞ்சும்.

புல் போட்டால் மரம் காய்க்காது என்று பக்கத்து ஊரில் சொல்லித் திரிகிறார்கள். இதோ கேள்: புல்லுக்குள் நிற்கும் நம் முப்பத்து நான்கு மரமும் இந்த வருடம் நாற்பத்தொரு சாக்கு கொடுத்தது. போன வருடத்தைவிட இரண்டு சாக்கு அதிகம். புதருக்குள் குனிந்து தேடவேண்டாம், பாம்பு பயம் இல்லை, ஆள் வைத்து மாட்டுத் தடத்திலேயே நடந்து பொறுக்கினேன். தோன் ஃபாஸ்டோ வேலியில் சாய்ந்துகொண்டு, "பாத்தியாம்மா, மரத்துக்கும் கொஞ்சம் காத்து வேணாமா?" என்றார்.

அப்பாவின் குத்தகைப் பத்திரம் நம் இருவர் பேரிலும் இருக்கிறது. அதனால் உன் கையெழுத்து வேண்டும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். பிப்ரவரி 28க்குள் என்கிறார். படகு கேட்டேன். "மொதல்ல தாள் வரட்டும், அப்புறம் படகு வரும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

முதல் துண்டு நிலத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது நீதான். மறந்துவிடாதே.

நெல்வா

*

சுமாயா முகாம்
3 பிப்ரவரி

அக்கா,

மறக்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன். நிதானமாகப் படி, நடுவில் அடுப்பைப் பார்க்கப் போகாதே.

கஸ்தான்யா பூ காயாகி முற்றி விழப் பதினைந்து மாதம் ஆகும். நீ இப்போது பொறுக்கிய நாற்பத்தொரு சாக்கும் 2003 கடைசியில் பூத்த பூ. அப்போது அங்கே காடு இருந்தது. தீ வைத்தது 2004 ஆகஸ்டில். அதாவது, உன் கையில் இருப்பது பழைய காட்டின் காய். புல்லின் காய் இன்னும் விழவே இல்லை. அது விழவேண்டியது அடுத்த ஜனவரியில். விழாது என்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். அந்தப் பூவுக்கு ஒரு மூடி உண்டு. கீழே விழுந்த பூவை எடுத்து விரலால் தூக்கிப் பார், எவ்வளவு இறுக்கம் என்று தெரியும். அதைத் தூக்கி உள்ளே போகிற பலம் சில பெரிய தேனீக்களுக்குத்தான் உண்டு. அதிலும் முக்கியமான வகை ஒன்று. அதன் ஆண், காட்டு மரங்களில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் பூக்களில் வாசனை சேர்த்துக்கொண்டு போனால்தான் பெண் அதைத் திரும்பிப் பார்க்கும். ஆர்க்கிட் இல்லையென்றால் ஜோடி இல்லை, குஞ்சு இல்லை, பூவைத் திறக்க ஆள் இல்லை. மரம் நிற்கும், பூக்கும், பூவெல்லாம் அப்படியே கொட்டும். புல்லில் நிற்கும் மரத்தைப் பார்த்தால் உயிரோடு இருப்பது போலத்தான் தெரியும்.

இது எனக்கு இன்று தெரிந்ததல்ல. இன்ஸ்டிட்யூட்டில் தாவரவியல் பரீட்சையில் கேள்வியாகவே வந்தது. ஒன்றரைப் பக்கம் எழுதி, படமும் போட்டு, இருபதுக்குப் பதினேழு வாங்கினேன். இரண்டு வருடம் கழித்து நீ வரைபடம் கேட்டாய். சட்டத்தைப் பார்த்தேன். மரத்தை வெட்டாதே என்று இருந்தது. மரத்தை விட்டுவிட்டுச் சுற்றிக் கோடு போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன் என்று பெருமையாக வேறு சொன்னேன். பரீட்சையில் எழுதியது எனக்கு ஒரு நிமிஷம்கூட ஞாபகம் வரவில்லை.

இங்கே தூளியில் கிடக்கும்போது வேறு வேலை இல்லை, ஞாபகம் வருகிறது. தினமும் மதியம் ஒரு அன்யூஹே வருகிறது. எலி மாதிரி பல், முயல் மாதிரி உடம்பு, உனக்குத் தெரியாததா. நான் கோடரியால் உடைக்கும் காயை அது கடித்தே திறக்கிறது. உள்ளே இருக்கும் கொட்டைகளில் தின்றது போக மிச்சத்தை ஒவ்வொன்றாகப் புதைக்கிறது. நேற்று பதினொன்று புதைத்தது, எண்ணினேன். சோசிமோ தூளியை எட்டிப் பார்த்து, "இஞ்சினியரே, அது புதைச்ச எடத்தையெல்லாம் அதுக்கே சொல்லிக்கொடுக்கப் போறீங்களா?" என்கிறான். சொல்லமாட்டேன். அது மறந்ததுதான் மரமாகிறது. நம் அப்பாவோ அவருடைய அப்பாவோ ஒரு கஸ்தான்யா நட்டதுண்டா? ஒன்றுகூட இல்லை. புல்தரையில் அதுவும் கிடையாது.

கையெழுத்துப் போடமாட்டேன். ஆனால் என்னை நம்பச் சொல்லவும் இல்லை. டப்பாவில் இரண்டு பச்சைக் காய் வைத்திருக்கிறேன், எலுமிச்சை அளவு. போன அக்டோபரில் பூத்தவை. காற்றடித்தால் இந்த மாதத்தில் இப்படிப் பிஞ்சு கொட்டும். இங்கே ஒவ்வொரு மரத்தடியிலும் கிடக்கிறது. ஒரு நல்ல காற்றுக்குப் பிறகு உன் முப்பத்து நான்கு மரங்களுக்கு அடியில் போய்ப் பார். இது மாதிரி எத்தனை கிடக்கிறது என்று எண்ணி எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன். காற்று முழுக்க அடங்கிய பிறகு போ.

எல்மேர்

*

வீடு
10 பிப்ரவரி

எல்மேர்,

உன் காய் இரண்டும் வந்தது. யெசிக்கா விளையாடிக்கொண்டிருக்கிறாள்.

நான் போகவில்லை. போகப்போவதும் இல்லை. எதற்கெடுத்தாலும் உன்னிடம் ஒரு பாடம் இருக்கிறது. கோடு போடச் சொன்னால் போடுகிறாய், பிறகு நீயே அழிக்கச் சொல்கிறாய். எரிந்தது எரிந்துவிட்டது. அந்தத் துண்டு இனிக் காய்க்காது என்றால், அதற்காகவே எனக்கு அந்த வீடு வேண்டும். அது உன் தலையில் ஏறவில்லையா?

அப்பா படுக்கையில் விழுந்தபோது உனக்குப் பரீட்சை என்று அவரே உன்னைப் போகச் சொன்னார். நான் பன்னிரண்டு வருடம் சாக்குத் தூக்கினேன். என் முதுகு ஆறு மாதமாக நிமிரவில்லை. அதனால்தான் இந்த வருடம் நீ அங்கே கிடக்கிறாய், இல்லையென்றால் அந்தக் காய் என் காலில் விழுந்திருக்கும். இல்லை, விழுந்திருக்காது. நான் காற்று நிற்கக் காத்திருப்பேன்.

சோசிமோ தனியாக ஒரு சீட்டு வைத்திருந்தான். உன் கால் பாதத்திலிருந்து முழங்கால்வரை வீங்கிவிட்டது, விரல் ஓரம் கறுக்கிறது என்று. நீ எனக்கு எழுதிய மூன்று பக்கத்தில் அது ஒரு வரிகூட இல்லை. தேனீயின் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

தோன் ஃபாஸ்டோவிடம் மறுபடி போய் நின்றேன். "ஒரு கையெழுத்துதானம்மா. ஒன் தம்பி படிச்சவன், பேர் எழுதத் தெரியாதா?" என்றார். அவர் மோட்டார் கொட்டகையில் தூசி படிந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தேன். எனக்கு வேறு வழி இருக்கிறதா, நீயே சொல்.

கையெழுத்துப் போடு, எல்மேர். தேனீ பிழைத்துக்கொள்ளும்.

நெல்வா

*

சுமாயா முகாம்
20 பிப்ரவரி

அக்கா,

மாத்திரை எப்போதோ தீர்ந்துவிட்டது. நாளுக்கு இரண்டுதான் போட்டேன். காய்ச்சல் ஐந்து நாளாக இருக்கிறது. சோசிமோ கத்தியைக் காய்ச்சிக் கீறிச் சீழ் எடுத்தான். இந்தத் தடவை அவன் கேலி பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "சதுப்பச் சுத்தி நடந்தா மூணு நாள்ல ஊரு. ஆனா ஒங்கள விட்டுட்டு நா எப்படிப் போறது?" என்று மட்டும் கேட்டான்.

தூளிக்குக் கீழே ஒரு காலி ஓடு கிடக்கிறது, அன்யூஹே தின்றுவிட்டுப் போட்டது. மழைத் தண்ணீர் நிரம்பி அதில் தேரைக் குஞ்சுகள், வாலோடு, ஏழெட்டு. இந்த ஓட்டுத் தண்ணீரில்தான் அந்தச் சின்னத் தேரை முட்டையிடும். இரண்டு நாளாக மழை இல்லை, தண்ணீர் இறங்குகிறது. நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சோசிமோவிடம் சொல்லி ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொன்னேன். திட்டிக்கொண்டே ஊற்றினான்.

தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதோடு இருக்கிறது. என் மனம் மாறவில்லை. வலிக்கிறது, அவ்வளவுதான். படகை அனுப்பச் சொல்.

எல்மேர்

*

வீடு
21 பிப்ரவரி

எல்மேர்,

சனிக்கிழமை பெரிய காற்று. நம் கூரையில் இரண்டு தகடு போனது. ஞாயிறு காலை யெசிக்கா உன் காயில் ஒன்றை எங்கேயோ தொலைத்துவிட்டு அழுதாள். "மேய்ச்சல்ல மரத்தடியில கெடக்கும்மா, வேற எடுத்துட்டு வரலாம்" என்றாள். அவளுக்காகத்தான் போனேன். உனக்காக இல்லை.

வேலி ஓரத்திலிருந்து ஆரம்பித்தோம். முதல் மரம், இல்லை. இரண்டாவது, இல்லை. மாட்டுச் சாணியைக் குச்சியால் கிளறிக்கூடப் பார்த்தோம். சுள்ளி, இலை, காய்ந்த பழைய ஓடு, எல்லாம் கிடந்தது. ஏழாவது மரத்துக்குப் பிறகு யெசிக்கா ஓடுவதை நிறுத்திவிட்டாள். நான் முதுகைக்கூட மறந்து மல்லாந்து படுத்து மேலே பார்த்தேன். கிளை தெளிவாகத் தெரிகிறது, மறைக்கத்தான் ஒன்றும் இல்லையே. வெறும் இலை.

முப்பத்து நான்கு மரத்தில் இருபத்தொன்பதுக்கு அடியில் ஒரு பிஞ்சு இல்லை.

மிச்சம் ஐந்துக்கு அடியில் கிடந்தது. பதினாறு. அந்த ஐந்தும் எவை தெரியுமா? மேற்குக் கோடியில் காட்டை ஒட்டி நிற்பவை. வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிளைகள் இவற்றின்மேல் சாய்ந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா. அவை அந்த மிச்சக் காட்டிலிருந்து சாப்பிடுகின்றன, எல்மேர். அந்தப் பக்கமும் புல்லானால் இந்த ஐந்தும் போகும். நீ எழுதியபோது எனக்குப் புரியவில்லை. சாணிக்குள் கையை விட்டு எண்ணியபோது புரிந்தது.

யெசிக்கா பதினாறையும் பாவாடையில் கட்டிக்கொண்டாள்.

கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் கிழித்துவிடு. படகு இல்லாமல் உன்னை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மெலித்தோன் இன்றே கிளம்புகிறான். மாத்திரை முப்பது வைத்திருக்கிறேன். வலித்தால் மூன்றாகப் போடு.

நெல்வா

*

சுமாயா முகாம்
23 பிப்ரவரி

அக்கா,

நேற்று உன் கடிதம் வந்த அதே டப்பாவில்தான் என் கடிதம் அந்தக் கரைக்குப் போயிருந்தது. சோசிமோ டப்பாவை இழுத்துக் கொண்டுவந்து நான் படித்து முடிப்பதற்குள் மெலித்தோன் போய்விட்டான். சோசிமோ கரையில் நின்று சட்டையைக் கழற்றி வீசிக் கத்தினான். அந்த மடையன் போய்வருகிறேன் என்று நினைத்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனான்.

தாள் அவன் பையில் இருக்கிறது. என் பேரோடு. உன் கையெழுத்து ஏற்கனவே அதில் இருக்கிறது. ஃபாஸ்டோ கையில் கிடைத்தால் 28ஆம் தேதிவரைகூடக் காத்திருக்கமாட்டார்.

இந்தக் கடிதம் டப்பாவில் எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது. நீ படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கலாம். வழியில் அவர் ஆட்கள் யாராவது மெலித்தோனிடம், "இஞ்சினியரு தாள் குடுத்தாரா?" என்று கேட்டிருந்தால், அவன் பெருமையாக எடுத்து நீட்டியிருப்பான். அவனுக்கு என்ன தெரியும்.

ஒரு முறை கோடு போட்டேன். ஒரு முறை கையெழுத்துப் போட்டேன். இரண்டும் சீக்கிரம் முடியட்டும் என்றுதான். இங்கிருந்து என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. எழுந்து ஓடைவரை நடக்கக்கூட முடியாது.

எல்மேர்

*

சுமாயா ஓடை, உன் எதிர்க்கரை
2 மார்ச், காலை

எல்மேர்,

கையாட்டுவதை நிறுத்து. உன்னைப் பார்த்துவிட்டேன், மாத்திரை வேலை செய்திருக்கிறது. ஒற்றைக் காலில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதே, அந்த மரம்தான் சாய்ந்த மரம் என்று நீயே எழுதினாய். சோசிமோவை உன்னைப் பிடித்து உட்காரவைக்கச் சொல்.

மெலித்தோன் வந்தபோது தோன் ஃபாஸ்டோ என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலித்தோன் பையைத் திறக்கப்போனான். நான், "அரிசிப் பைய மொதல்ல உள்ள வை, எறும்பு ஏறிடப்போகுது" என்று பையோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவன் கொண்டுவந்தது அரிசியே இல்லை. வெளியே வந்து, "தம்பி போடலியாம்" என்றேன். "அப்ப படகும் இல்லம்மா" என்றார். சரி என்றேன். நாற்காலியை நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

28ஆம் தேதி போய்விட்டது. சிமெண்ட் வீடும் போய்விட்டது. யெசிக்காவிடம் சொன்னேன். பிறகு பதினாறு காயையும் கூரைக்கு அடியில் வரிசையாக வைத்தாள். முளைக்குமா என்று கேட்டாள். பிஞ்சு முளைக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை நீ வந்து உன் பாணியில் சொல்.

லாரி ட்யூப் இரண்டு கொண்டுவந்திருக்கிறோம். மெலித்தோன் ஊதிக்கொண்டிருக்கிறான், அவன் முகத்தைப் பார். கயிறு நூறு மீட்டர், ஆட்கள் நாலு பேர், உன்னைத் தூக்க ஒரு தூளி. தண்ணீர் கரையில் தெரியும் ஈரக்கோட்டைவிட ஒரு முழம் இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு முழம் இறங்கவேண்டும். நாளை மதியம் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். அதுவரை நீ அந்தக் கரையில்தான். நான் இந்தக் கரையில். பொறு. உன்னால் முடியாது என்று தெரியும், இருந்தாலும் பொறு.

நீ கையெழுத்துப் போட்ட தாளை நீயே கிழிக்கட்டும் என்று விட்டேன். அதை ஊரில் எங்கே வைத்தாலும் அவர் ஆள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உடம்போடு கட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். இங்கே உட்கார்ந்து உனக்கு எழுதலாம் என்று பார்த்தால், எழுதுவதற்கு வேறு காகிதம் எடுத்துவர மறந்திருக்கிறேன்.

திருப்பிப் பார்.

நெல்வா